பதினோராம் எண் சுவர்

1

சங்கரன்கோவிலில் ஒரு ஆளைத் தனியாக நடக்க விட மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேராவது, "நில்லுங்க, சேந்தே போவோம்" என்று ஒட்டிக்கொள்வார்கள். நமக்கு வழி தெரியும் என்று சொன்னாலும் விட மாட்டார்கள். வழிக்காக யார் கூட வருகிறார்கள், பேச்சுக்காகத்தானே.

நான் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கும் இந்த ஸ்காட்லாந்துத் துறைமுக ஊரில் நிலைமை தலைகீழ். இங்கே தனியாக நடப்பதற்கென்றே நகராட்சி ஒரு வரைபடம் அச்சடித்து வைத்திருக்கிறது. ஊரில் எந்தெந்தச் சுவரில் ஓவியம், எந்தெந்த முக்கில் சிலை என்று ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நமக்கு நாமே வழிகாட்டியாகப் பார்த்துவிட்டு வரவேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பின்னால் நான் நகராட்சியைப் படுத்திய பாட்டைச் சொல்லப்போகிறேன், அவர்கள் மானத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

போன மாதம் எனக்கு ஐம்பத்திரண்டு முடிந்தது. என் மனைவி மீனா ஆஸ்பத்திரியில் நர்ஸ், அன்றைக்குப் பகல் ஷிப்ட். மகள் கோமதி காலையில் வந்தாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கோமதி இருப்பாள், அந்த வகையில் இவளும் ஒருத்தி. வீட்டில் கோமு. பத்தொன்பது வயது, ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள், தோழிகளோடு தனியாக வீடு எடுத்திருக்கிறாள். அந்தத் தோழிகள் அவளை 'கோ' என்று கூப்பிடுகிறார்கள். பெற்ற பெண்ணைப் பார்த்து நாளெல்லாம் இங்கிலீஷில் 'போ, போ' என்கிறார்களே என்று எனக்கு ஆரம்பத்தில் வயிறு எரிந்தது. இப்போது பழகிவிட்டது. அவள்தான் போய்விட்டாளே.

வந்தவள் ஒரு கவரைக் கொடுத்தாள். உள்ளே அந்த வரைபடம்.

"தனியாத்தான் போகணும். வரிசையாப் போகணும். எதையும் விடக் கூடாது. முடிச்சதும் எனக்குப் போன் பண்ணுங்க," என்றாள். பிறகு "பை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

2

என் அப்பா குருவிகுளம் யூனியன் ஆபீசில் எழுத்தர். தினமும் சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் போய் வருவார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸ் துண்டு இருக்கும். சுவரில், போர்டில், கடைப் பலகையில் எங்கே தமிழ்ப் பிழை கண்டாலும் நின்று திருத்துவார். 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்பதில் 'ழி' போய் 'லி' ஆகியிருந்த ஒரு சுவரை அவர் அரைமணி நேரம் திருத்திக்கொண்டிருந்தார். எழுதியவன் செய்யாதே என்று சொன்ன வேலையைச் செய்ய வந்தவர்கள் எல்லாம் காத்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு, இவர் யாரோ நான் யாரோ என்று நாலு கடை தள்ளி நிற்பேன்.

அன்றைக்குத் திட்டிக்கொண்டே நின்றவன் இன்றைக்கு அவரைவிட மோசம். மனு எழுதுவது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லையா, மனு. குப்பைத் தொட்டியைத் தள்ளி வைத்துவிட்டார்களா, மனு. இங்குள்ள ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் கமிட்டியில் நான் ஒரு ஆள். ஒற்றுப் பிழைக்காக ஒரு ஆண்டுவிழா அழைப்பிதழையே திரும்ப அச்சடிக்க வைத்திருக்கிறேன். நண்பர்கள் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

3

வரிசையாகத்தான் போனேன். ஒன்றாம் எண், பழைய மீன் கிடங்கின் சுவர் முழுக்க ஒரு பெண், மடியில் வலை. மூன்று மாடி உயரம். அவள் கட்டைவிரல் என் உயரம் இருந்தது. நான்காம் எண், வெண்கல நாய். வருகிறவர் போகிறவர் எல்லாம் தடவித் தடவி மூக்கு மட்டும் தங்கமாக மின்னியது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு நானும் தடவினேன். ஏழாம் எண்ணைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதன் மேல் சாய்ந்துகொண்டுதான் இருபது நிமிடமாக வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு கிழவர் சொன்னார். துருப்பிடித்த இரும்புத் தூண் மாதிரி இருந்தது. கலை என்று சொன்னால் நம்பவேண்டியதுதான்.

நம் ஊர்ச் சுவர்களை நினைத்துக்கொண்டேன். கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக. அதைத் தாண்டினால் சிமெண்ட் விளம்பரம், மஞ்சள் நீராட்டு பிளக்ஸ், தேர்தல் சின்னம், அதன் மேலேயே கண்ணீர் அஞ்சலி. 'விளம்பரம் செய்யாதே' என்று ஒரு சுவரையே அடைத்து எழுதி, அதுவே ஊரில் பெரிய விளம்பரமாக நிற்கும். எண் போட ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் நூறு வந்துவிடும்.

பதினோராம் எண் தீவுகளுக்குக் கப்பல் புறப்படும் துறையில் இருந்தது. நீளமான சுவர். நீல அலை, அலை மேல் சின்னச் சின்னக் கைகள், ஒவ்வொரு கைக்கும் அடியில் ஒவ்வொரு மொழியில் விடைபெறும் சொல். கப்பலேறுகிறவர்களுக்காக, கல்லூரி மாணவர்கள் வரைந்தது என்று தகட்டில் போட்டிருந்தது. பிரெஞ்சு இருந்தது, அரபு இருந்தது, உருது இருந்தது. தமிழ் இருக்குமா என்று ஒவ்வொரு அலையாகத் தேடினேன். இருந்தது. ஒரு பெரிய அலையின் உச்சியில், கொஞ்சம் கோணல் எழுத்தில்:

வாரேன்.

வெளிநாட்டுச் சுவரில் தமிழைப் பார்த்தால் சந்தோஷப்படுவான் மனிதன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடைபெறும் இடத்தில் 'வருகிறேன்' என்று அர்த்தம் வரும் சொல். அதுவும் எழுத்துத் தமிழ் இல்லை, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. யாரோ யாரையோ அரைகுறையாகக் கேட்டு, காதில் விழுந்ததை வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

அப்பாவின் சாக்பீஸ் என்னிடம் இல்லை, போன் இருந்தது. தூறலில் நின்றபடியே நகராட்சியின் புகார்ப் பக்கத்தைத் திறந்து மூன்று பத்தி எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு, 'தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்' என்பதன் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். 'இது தமிழ் தெரியாத ஒருவரால் எழுதப்பட்டது. இச்சொல்லுக்கு விடைபெறுதல் என்ற பொருள் இல்லை. உடனே அழித்துவிட்டு விடைபெறுகிறேன் என்று எழுதுக' என்று முடித்தேன். மனு எண் வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கை என்னவென்று பார்த்தேனோ நினைவில்லை. கோமுவுக்குப் போன் செய்ய மறந்துபோனேன்.

4

நம் ஊரில் மனு கொடுத்தால் மறந்துவிடலாம். இங்கே நாலாம் நாளே பதில் வந்தது. புகாரை ஏற்றுக்கொண்டோம், ஓவியக் குழுவுக்கும் அனுப்பிவிட்டோம், அடுத்த திங்கட்கிழமை ஆள் வந்து அந்தச் சொல்லை அழிப்பார்கள் என்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீனாவிடம் காட்டினேன். அவள் படித்தாள், திரும்பப் படித்தாள்.

"எந்தக் காலேஜ் பிள்ளைக வரஞ்சது?" என்றாள்.

"எல்லாம் நம்ம கோமு காலேஜ்தான்."

மீனா சிவகிரிக்காரி. கோபம் வந்தால் கத்த மாட்டாள், குரல் இறங்கும். "உங்க மக உங்க பொறந்தநாளுக்குக் காகிதத்தக் குடுத்து, ஒத்தையாப் போங்க, எதையும் விடாதீங்கன்னு சொல்லியிருக்கா. காலேஜ்ல தமிழ்ப் பிள்ள எத்தன இருக்கு? கொஞ்சமாச்சும் யோசிச்சியளா?" என்றாள்.

யோசிக்கவில்லை. என் மூன்று பத்தியும் ஓவியக் குழுவுக்குப் போயிருக்கிறது. பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் 'பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்' என்று இந்த ஊரில் எழுதுகிறவன் இன்னொருவன் உண்டா?

5

கோமு வீட்டுக்குப் போனேன். அடுக்களை மேசையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்க எழுதினது கரெக்ட்தான்பா. தமிழ் தெரியாத ஒருத்தர். அது நான்தான். திங்கட்கிழமை நானே போய் அழிச்சுடுறேன்னு சொல்லிட்டேன்."

"உனக்கு எதுக்கு அந்த வார்த்தை தோணுச்சு?" என்றேன். மன்னிப்பு கேட்க வந்தவன் கேட்ட கேள்வியைப் பாருங்கள். விசாரணை அதிகாரி மாதிரி.

அவள் இங்கிலீஷிலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னாள். அவளுக்கு ஏழு வயதில் ஊருக்குப் போயிருந்தோம். கிளம்பும்போது நான் வீடு வீடாக 'வாரேன், வாரேன்' என்று சொல்லிக்கொண்டு வந்தேனாம். தாத்தாவிடம் இரண்டு தடவை சொன்னேனாம். காரில் ஏறியதும், போறப்ப ஏன் வாரேன்னு சொல்றீங்க என்று கேட்டாளாம். "போறேன்னு சொன்னா திரும்பி வர மாட்டேன்னு அர்த்தம்" என்று நான் சொன்னேனாம். எனக்கு ஒரு எழுத்துகூட நினைவில்லை.

"அதுக்கப்புறம் தாத்தா செத்தப்போ போனோம்ல? எனக்குப் பதிமூணு. அப்ப நான் உங்களையே பார்த்துட்டு இருந்தேன். நீங்க யாருகிட்டயும் சொல்லல. அத்தைகிட்டகூடச் சொல்லல. அப்படியே கார்ல ஏறிட்டீங்க. சரி, அப்பா இனிமே இங்க வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் எழுதினேன். உங்களுக்குப் பதிலா."

துக்க வீட்டில் 'வாரேன்' சொல்லக் கூடாது என்பது நமக்கெல்லாம் பிறந்ததிலிருந்தே தெரிந்த சங்கதி. சாவு வீட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்று யாராவது சொல்வார்களா? என் அக்கா பார்வதியே வாசலில் நின்று, "ஒண்ணும் சொல்லாத, அப்படியே போ" என்றுதான் அனுப்பினாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சாஸ்திரம் என் பக்கம் இருந்தது, ஆனால் ஆறு வருடம் கோமு பக்கம் இருந்தது. அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவே இல்லை.

காரணம் கேட்பவர்களிடம் கொரோனா என்பேன், லீவு இல்லை என்பேன், டிக்கெட் விலை என்பேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அப்பா போனபோது என் பாஸ்போர்ட் குடியுரிமை மனுவோடு ஒரு அலுவலகத்தில் கிடந்தது. அதை மீட்டுக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் நாள். அக்கா மகன் கொள்ளி வைத்துவிட்டான். 'வாரேன்' என்று இரண்டு தடவை சொன்ன மகன் வரவில்லை. அந்த வீட்டுப் படியில் மறுபடி கால் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. கப்பல்துறையில் எனக்குக் கோபம் வந்தது இலக்கணத்தால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை நேருக்கு நேர் பார்க்க முடியாமல்தான் அழிக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன்.

"அழிக்க வேண்டாம்," என்றேன். "நான் வாபஸ் வாங்குதேன்."

"நீங்கதான் தப்புன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க," என்றாள், தண்ணீரைத் திறந்துவிட்டபடி.

6

அன்று வியாழக்கிழமை. மறுநாளே லீவு போட்டுவிட்டு நகராட்சிக்குப் போனேன். கோமுவையும் கெஞ்சிக் கூட்டிப்போனேன். பொதுக் கலைப் பிரிவில் இருந்த பெண் அதிகாரி பெயர் ஃபியோனா. என் வயதிருக்கும். பொறுமைசாலி. என் மனுவை அச்செடுத்து, அடிக்கோடு போட்டு வைத்திருந்தார்.

"இந்தச் சொல்லுக்கு விடைபெறுதல் என்ற பொருள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"இப்போது?"

"இருக்கிறது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரே ஆள் இரண்டு மாதிரிச் சொன்னால் எதைக் கோப்பில் வைப்பது? நீங்கள் அப்பா, இவள் ஓவியர், இரண்டு பேர் சொல்வதையும் வைத்து முடிவெடுக்க முடியாது, மூன்றாவதாக ஒரு தமிழர் சொல்ல வேண்டும் என்றார். அது நியாயம். தமிழ்ப் பள்ளித் தலைவருக்குப் போன் போட்டேன். அவர் உற்சாகமாக, "விடைபெறுகிறேன் என்பதுதான் சரி, விட்டுக்கொடுக்காதீர்கள்!" என்றார். நான் வளர்த்த கடா. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மறைக்கவும் முடியவில்லை. கோமு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஃபியோனாதான் அவளைப் பார்த்துக் கேட்டார். "இந்தச் சொல் உனக்கு எங்கே கிடைத்தது?"

"சங்கரன்கோவிலில்."

"அப்படியானால் சங்கரன்கோவிலில் ஒருவரைக் கேட்போம். உறவாக இருந்தாலும் பரவாயில்லை. இது கோர்ட் இல்லை."

7

பார்வதி அக்கா அப்பாவின் வீட்டில்தான் இருக்கிறாள். பக்கத்தில் அத்தானின் விசைத்தறிக் கூடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளிடம் பேசுகிறேன். மழை பெய்ததா, பூ என்ன விலை, முட்டுவலி எப்படி இருக்கிறது. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட, எப்போது வருகிறாய் என்று அவள் கேட்டதில்லை. அவள் கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

ஃபியோனாவின் மேசையிலிருந்தே கோமு வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டாள். ஊரில் மத்தியானம் மூன்றரை மணி. தறிச் சத்தம் கேட்டது. அக்கா போனை மூக்குக்கு நேரே பிடித்திருந்தாள்.

"என்ன மக்கா, இந்நேரம்? அப்பாவுக்கு ஒண்ணுமில்லல்லா?"

கோமு தன் தமிழில் விஷயத்தைச் சொன்னாள். சுவர், அலை, கை, அப்பா எழுதிய மனு, எல்லாம். அக்கா கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பிள்ள எழுதினத அழிக்கச் சொன்னியாலே? உனக்குக் கூறு இருக்கா?"

கோமு இதை ஃபியோனாவுக்கு மொழிபெயர்த்தாள். பாதியாவது விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒன்றையும் விடவில்லை. சொல்லுக்கு என்ன பொருள் என்று ஃபியோனா கேட்டார்.

அக்கா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஆபீசில் சாட்சி சொல்கிற குரலில் பேசினாள். "ஏட்டி கோமு, அந்தம்மாகிட்ட நல்லா வெளங்கச் சொல்லு. எங்க ஊருல போறேன்னு யாரும் சொல்ல மாட்டாவ. வாரேன்னு சொல்லிட்டுத்தான் போவாவ. கடைக்குப் போறவனும் அதான் சொல்லுவான், மேலநீலிதநல்லூருக்குப் பஸ் ஏறுதவனும் அதான் சொல்லுவான், கப்பல் ஏறினாலும் அதான். செவுத்துல எழுதினது சரிதான். எதுக்கு அழிக்கணும்?"

கோமு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஃபியோனா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். கோப்புக்காகக் கேட்டாரா, தனக்காகவா தெரியவில்லை. கோமு அதைத் தமிழில் திருப்பினாள்.

"அத்தை, வாரேன்னு சொல்லிட்டுப் போனவங்க வரலன்னா? அப்ப அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்குறாங்க."

அக்கா போனை மறுபடி மூக்குக்கு நேரே கொண்டுவந்தாள்.

"அத நான் எப்படிச் சொல்லுதது? போனவனத்தான் கேக்கணும்," என்றாள். பிறகு குரல் மாறிவிட்டது. "ஏலே தம்பி. எப்பலே வாரே?"

கோமு என் முகத்தைப் பார்க்கவில்லை. கொடுத்த வேலையைச் செய்கிறவள் மாதிரி, அதையும் இங்கிலீஷில் சொன்னாள். ஃபியோனாவின் பேனா என் பக்கம் திரும்பி நின்றது. மூன்று பெண்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். ஒருத்தி கோப்பில் எழுதிக்கொள்ளப் போகிறாள். லீவு, டிக்கெட், கொரோனா ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஆடித்தபசுக்கு வாரேன்க்கா," என்றேன். "பிள்ளையயும் கூட்டிட்டு வாரேன்."

எங்கள் ஊர்த் திருவிழாவான ஆடித்தபசை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கோமுவுக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னாள். ஃபியோனா எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டு, எந்த மாதத்தில் வரும் என்று என்னிடம் கேட்டார். ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் முதலிலோ வரும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். சுவரில் இருப்பது அப்படியே இருக்கட்டும், திங்கட்கிழமை யாரும் அழிக்க வர வேண்டாம் என்றார்.

போனில் அக்கா முகம் போய், அப்பா வீட்டு உத்தரமும் சுற்றுகிற மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. போனை மடியில் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

லைன் போய்விட்டதா என்று ஃபியோனா கேட்டார்.

"இல்ல, இருக்காங்க," என்றாள் கோமு. ஃபியோனாவிடம் தமிழில் சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.